வழக்கும் வரம்பும்

"நான் குற்றவாளி அல்ல" என்று மாணவன் ஒருவன் எழுதுகின்றான். அத்தாளைத் திருத்தும் ஆசிரியர் 'அல்ல' என்பதன்மீது சிவப்பு மையாற் கோடிட்டு, 'அல்லேன்' என மேலே எழுதி, அரை மதிப்பெண்ணைக் கழிக்கின்றார். இலக்கணத்தின்படி ஆசிரியர் செய்தது முற்றும் சரியே. தன்மை ஒருமைக்கு அல்லேன்; ஆண்பாற்கு அல்லன்; பெண்பாற்கு அல்லள்; பலர்பாற்கு அல்லர்; ஒன்றன்பாற்கு அன்று; பலவின்பால் ஒன்றற்கே அல்ல. ஆயின், மணி அடித்து வகுப்புக் கலைந்த பின்னர் அவ்வாசிரியரே தம் நண்பரை நோக்கி, "அந்தக் கேள்வியை எடுத்தவன் நான் அல்ல" என்று கூறுவாராயின், அதனைக் கேட்டு வியப்பார் ஒருவரும் இலர். 'நான் அல்லேன்' என்று அவர் கூறியிருப்பினன்றோ அருகிலிருந்தோர் திரும்பிப் பார்த்திருப்பர்! தாளில் ஒரு தமிழும் நாவில் ஒரு தமிழுமாக நாம் வாழ்ந்து வருகின்றோம். அரை மதிப்பெண் சிறிது. அதன் அடியிற் கிடக்கும் வினா சிறிதன்று. மொழிக்கு விதி வகுக்கும் உரிமை யாருடையது?

இலக்கணம் மாறாதது, வழக்கே நாளும் கெட்டு வருவது என்று கூறுவோர் நம்முள் பலர். அன்னோர் தமிழின்பாற் கொண்ட அன்பை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும் அவர்தம் கூற்றினை இலக்கண நூல்களே மறுக்கின்றன. தொல்காப்பியனார் தம் விதிகளை வானினின்று இறக்கினாரல்லர். மக்கள் வழக்கையும் புலவர் செய்யுளையும் ஆராய்ந்தே அவற்றை வகுத்தார் என்று அந்நூற் பாயிரம் கூறுகின்றது. அவர்க்குப் பன்னூறாண்டு பிற்பட்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரோ இன்னும் வெளிப்படையாகப் பேசினார். காலம் செல்லச் செல்லப் பழைய ஆட்சிகள் சில நீங்குவதும் புதியவை சில வந்து சேர்வதும் குற்றமாகா என்று, நூலை முடிக்குமிடத்து ஒரு சூத்திரமே செய்து வைத்தார். அம்முனிவரது ஊராகிய சனகை என்பது பெருந்துறைக்கு அண்மையிலுள்ள சீனாபுரமே என்று கொங்குநாட்டார் வழிவழியாகக் கூறுவர். மைசூர்ப் பக்கத்தது என்பாரும் உளர். விசயமங்கலத்துச் சமணக் கோயிலை ஒருமுறை கண்டவர்க்கு முன்னையோர் கூற்றிற் பற்று உண்டாதல் இயல்பே. வழக்கு நுழைவதற்கு வாயிலைத் திறந்துவைத்த ஆசிரியர் நம் பக்கத்தவர் என்பதில் எமக்குச் சிறிது செருக்கும் உண்டு.

திறந்த வாயிலின் வழியே புகுந்தவை எவையெனச் சிறிது காண்போம். சகர மெய்யானது அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு கூடி மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதியை இன்று ஒருவர் உறுதியாகப் பற்றி நிற்பாராயின், அவர் சட்டை அணிதலும், சட்டியில் உண்டலும், சந்தைக்குச் செல்லுதலும், சண்டையிடுதலும், சளி பிடித்து வருந்துதலும் இயலாது! சங்கச் செய்யுட்களிலேயே சகர முதற் சொற்கள் அருகிக் காணப்படுகின்றன, பின்னர்ப் பெருகின. நன்னூலார் அவற்றைத் துரத்த முயலவில்லை; பன்னீருயிரோடும் சகரம் மொழி முதலாம் என்று எழுதி அமைந்தார். 'உண்டு' என்னும் சொல்லும் இத்தகையதே. முன்னாளில் அஃது அஃறிணை ஒருமைக்கே உரிய முற்று. 'அவன் உண்டு, அவர் உண்டு, நாம் உண்டு' என மக்கள் எல்லாவற்றோடும் அதனைப் புணர்த்தமையால், வேறு, இல்லை என்னும் சொற்களோடு அதனையும் சேர்த்து, ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொது என்று நன்னூல் வகுத்தது. உண்டு என்பதற்கு வழங்கிய இந்தச் சலுகையை, அதே வாயிலில் இருநூறு முந்நூறு ஆண்டுகளாக நின்று கதவைத் தட்டும் 'அல்ல' என்பதற்கு மறுப்பது எந்த நியாயம் பற்றியோ அறியோம். நன்னூலார் இன்றிருந்து நூல் செய்வாராயின், அச்சூத்திரத்தில் மேலும் ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார் என்பதே எம் துணிபு.

நிகழ்காலங் காட்டும் இடைநிலைகளும் அவ்வாறே. செய்கின்றான், செய்கிறான் என்பவற்றின் உறுப்பாகிய கின்று, கிறு என்பன தொல்காப்பியத்திற் கூறப்படவில்லை, நன்னூலில் உள. அவையின்றி நாம் இன்று ஒரு வாக்கியமும் பேசுதல் அரிது. யாறு, யாடு, யாமை, யாண்டு என்று முன்னையோர் எழுதியவற்றை ஆறு, ஆடு, ஆமை, ஆண்டு என நாம் எழுதுகின்றோம். உழுந்து உளுந்தாயிற்று, ஞண்டு நண்டாயிற்று. நொய்யல் யாறு என்று எவரேனும் எழுதின் அதனை அச்சுப்பிழை எனத் திருத்திவிடுவர். பழைய பிழையே இன்றைய விதி என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டா.

நிற்க. வழக்கானது ஓர் உறுப்பினைப் பற்றிக்கொண்டு எத்துணைத் தொலைவு நடத்திச் செல்லும் என்பதற்கு, 'கள்' என்னும் விகுதியின் வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுதல் நலம். தொல்காப்பியனார் காலத்து இவ்விகுதி அஃறிணைப் பெயர்க்கே உரியது. மரம் என்பது ஒன்றற்கும் பலவற்றிற்கும் பொதுவாக நிற்ப, பலவென்பதைத் தெளிவிக்க வேண்டின் 'மரங்கள்' என்றனர். உயர்திணைக்கு அவர், மாந்தர், அரசர் என ரகரவீறு இருந்தமையின் கள் வேண்டப்படவில்லை. ஆயினும் அஃது அங்கேயே நின்றுவிடவில்லை. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்' எனவும் 'பூரியர்கள்' எனவும் உயர்திணைப் பன்மையின் மேல் அஃது ஏறி அமர்ந்திருத்தலைக் காணலாம். அவர் என்பது முன்னரே பன்மை. அதன்மேல் கள் என்பது இரட்டைப் பன்மை. இதனைப் பிழையென்று திருவள்ளுவர்க்கு மதிப்பெண் குறைப்பார் யாரும் இலர். நன்னூலார் பலர்பாற் பெயர்களைத் தொகுக்குமிடத்துக் கள்ளென்னும் ஈற்றையும் உடன்சேர்த்து, நடந்ததை நடந்தவாறே ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சுவையுடையது. ஒருவரைப் பன்மையாற் சுட்டுதல் மரியாதை என்னும் வழக்கம் முற்றியபோது, 'அவர்' என்பது தன் பன்மைப் பொருளை இழந்து, மதிக்கத்தக்க ஒருவரைக் குறிக்கலாயிற்று. உண்மைப் பன்மைக்கு வேறு சொல் வேண்டியிருந்தமையால் 'அவர்கள்' நிலைபெற்றது. பின்னர் அவ்வவர்களும் ஒருவர்க்கே மரியாதையாகி, 'தலைவர் அவர்கள்', 'ஆசிரியர் அவர்கள்' என மேடைகளில் ஒலிக்கின்றது. நீ என்பதன் பன்மை 'நீங்கள்'. அதுவும் ஒருவர்க்கே மரியாதை. ஏவலில் 'வாருங்கள்' என்பது 'வாங்க' ஆயிற்று. இதுகாறும் தமிழகம் முழுவதற்கும் பொது. இதற்கு அப்பால் நடந்துசென்றது கொங்குநாடு ஒன்றே எனலாம். இங்கு அந்தக் கள் என்பது 'ங்க' எனத் தேய்ந்து, வினையைவிட்டுப் புறப்பட்டு, எந்தச் சொல்லின் பின்னும் மரியாதைக்காகச் சென்று ஒட்டுகின்றது. 'சரிங்க', 'இல்லீங்க', 'ஏனுங்க', 'மழைங்க', 'நாளைக்குங்க' என்னும்போது மழை பலவாயிற்று என்றோ நாளை பலவாயிற்று என்றோ பொருளில்லை; கேட்பவர் மதிக்கத்தக்கவர் என்பதே பொருள். இன்னும் விரைந்து பேசுவார் வாயில் 'சொல்லுங்' என ஈற்றுயிரும் தேய்ந்து, ஙகர ஒற்றே மரியாதையைத் தாங்கி நிற்கின்றது. அஃறிணையின் தொகையைக் காட்டப் பிறந்த ஓர் இடைச்சொல், உயர்திணையிற் குடிபுகுந்து, மரியாதையாகி, இறுதியில் நம் கோயமுத்தூர்த் தெருக்களில் பேச்சின் இனிமைக்கே அடையாளமாயிற்று. எந்தப் பண்டிதரும் கூடி இதனைத் தீர்மானித்தாரல்லர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் எண்ணிறந்த மக்கள் பேசிப்பேசியே இதனைச் செய்தனர். (வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று அவ்விகுதி குறித்து அறிஞர் இன்னும் வழக்காடி வருகின்றனர். வழக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் அமைந்தது வீணன்று.)

எழுத்தின் வடிவும் இவ்வாறு மாறியதே. இவ்விடத்தில் இத்தாலி நாட்டை நினையாமல் இருத்தல் இயலாது. அந்நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, 1710இல் இந்தியாவிற்கு வந்து, 1747இல் மறைந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்னும் வீரமாமுனிவரை நம் கல்லூரியில் அறியாதார் இலர். தேம்பாவணி பாடியவர் என்றே அவரைப் பெரிதும் போற்றுகின்றோம். நாள்தோறும் நாம் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கைவண்ணம் இருப்பதை மறந்துவிடுகின்றோம். பண்டை முறையில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும்; புள்ளியில்லாதன நெடில். ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமாதலின், எழுதுவோர் அதனை விடுத்தனர். ஆகவே ஏட்டில் எரியும் ஏரியும் ஒரே வடிவின. கொளும் கோளும் ஒரே வடிவின. படிப்போர் இடம் நோக்கியே நெருப்போ நீரோ என்று துணிதல் வேண்டும். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக்குறி அமைத்தார். ஏகாரத்திற்குக் காலும், ஓகாரத்திற்குச் சுழியும், உயிர்மெய்யில் கொம்பின்மேற் சுழியும் அவர் காட்டிய வேறுபாடுகள் என்பர். இதற்கு அரசாணை எதுவும் இல்லை. சங்கத்தார் ஒப்புதலும் இல்லை. பயன் கண்டோர் எழுதினர்; அச்சு வந்தபின் அச்சிற் கோத்தனர்; நாளடைவில் அதுவே தமிழெழுத்து என்றாயிற்று.

அவர் பிறந்த நாட்டின் மொழி வரலாறும் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. 1525இல் பெம்போ என்னும் அறிஞர், ஏறத்தாழ இருநூறாண்டு முற்பட்ட பெத்ரார்க்கா, பொக்காச்சியோ ஆகியோர் எழுதிய மொழியே எக்காலத்திற்கும் முன்மாதிரி என்று நூல் செய்தார். பிளாரன்ஸ் நகரில் 1583இல் 'கிருஸ்கா' என்னும் பெயரால் ஒரு மொழிக்கழகம் எழுந்து, 1612இல் பேரகராதி ஒன்றை வெளியிட்டது. கிருஸ்கா என்பதற்குத் தவிடு என்று பொருள். மாவினின்று தவிட்டைச் சலித்து நீக்குதலே தம் தொழில் என்று அவர்கள் கருதினர். ஆயினும் சல்லடை எத்துணை நுண்ணிதாயினும் தவிட்டில் ஒரு பகுதி மாவோடு போய்க்கொண்டே இருந்தது. எழுவாயாக நிற்கும் 'அவன்' என்பதற்கு 'எல்யி' என்றும், வேற்றுமையேற்கும் இடத்து 'லூயி' என்றும் அம்மொழியில் இரு சொற்கள் உள. மக்களோ இரண்டிடத்தும் லூயி என்றே பேசினர். இலக்கணிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்தனர். மன்சோனி என்னும் நாவலாசிரியர் 1827இல் முற்றுவித்த தம் பெருங்கதையை, பிளாரன்ஸ் மக்களின் நடைமுறைப் பேச்சுக்கேற்பத் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டபோது, எல்யி நின்ற பல இடங்களில் லூயியை வைத்தார். இன்று லூயி குற்றமென்று கூறுவார் அங்கு அரியர். 2016ஆம் ஆண்டில் ஒரு செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இத்தாலியப் பள்ளிச் சிறுவன் ஒருவன், மலரைப் பற்றி எழுதுகையில் 'இதழ் நிறைந்த' என்னும் பொருள்படப் 'பெத்தலோசோ' என்று அகராதியில் இல்லாத சொல்லொன்றை ஆக்கினான். அவனுடைய ஆசிரியை அதனைக் கிருஸ்காவிற்கே எழுதியனுப்பக் கூறினார். சொல் நன்கு அமைந்தது. ஆயினும் பலர் அதனை வழங்கிப் பலர்க்கும் பொருள் விளங்கிய பின்னரே அகராதியில் இடம்பெறும் என்று கழகத்தார் விடையெழுதினர். தவிடு சலிக்கப் புறப்பட்டவர்கள் நானூறாண்டு கழித்து வந்து சேர்ந்த இடமும் பவணந்தியாரின் இடமே.

அரசு ஆணையிட்டு மாற்றியதும் நம்மிடை உண்டு. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துக்கள் இன்றைய வடிவைப் பெற்றது 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசின் ஆணையால். அதற்கு முன் அச்சான நூல்களைப் புரட்டுவோர், தும்பிக்கை தூக்கிய யானையைப் போன்ற பழைய ஐகாரக் குறியைக் கண்டு மருள்வதுண்டு. ஆயினும் இங்கும் ஆணை வழக்கைத் தொடர்ந்ததேயன்றி முந்தவில்லை. பெரியார் ஈ.வெ.ரா. தம் குடி அரசு இதழில் 1935 முதலே இவ்வடிவங்களை அச்சிட்டு வந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு சாராரின் கண்ணுக்கு அவை பழகியிருந்தன. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என்று எழுதலாம் என அவரே கூறியதை அரசு ஏற்கவில்லை, ஊரும் ஏற்கவில்லை. கரூர்ப் பக்கத்திற் பிறந்தவரும் துணைவேந்தராய் விளங்கியவருமான வா. செ. குழந்தைசாமி அவர்கள், இகர ஈகார உகர ஊகார வரிசைகளைச் சீர்செய்யத் தக்க காரணங்களோடு ஒரு திட்டம் வகுத்தார். திட்டம் அறிவுடையதே, ஆயினும் கைகள் அதற்கு இணங்கவில்லை. அறிஞர் நினைப்பும் அரசின் முத்திரையும் வழக்கின் துணையின்றிப் பயன்படா என்பதற்கு இது போதும். மற்றொரு பக்கம் காண்க: ஆய்த எழுத்து குற்றெழுத்தின் பின்னும் வல்லின உயிர்மெய்யின் முன்னும் வருதலே விதி, அதனை மொழிக்கு முதலிலேயே நிறுத்தி 'ஃபேன்', 'ஃபோன்' என்று எழுதுமாறு யாரும் ஆணையிடவில்லை. இன்று கடைப்பலகைதோறும் அஃது இருக்கின்றது. எமக்கு அதன்பால் விருப்பமில்லை. எம் விருப்பத்தைக் கேட்பாரும் இல்லை.

வழக்கு என்றவுடன் ஒழுங்கின்மை என்று எண்ணுதல் பெரும் பிழை. கல்லாதாரின் நாவே சில இடங்களில் கற்றாரின் எழுதுகோலினும் இலக்கணம் பேணுவதாயிருக்கின்றது. வல்லின மெய் தமிழில் மொழிக்கு ஈறாகாது. கற்றவர் 'பஸ்', 'கேட்', 'பேங்க்' என்று எழுதுகின்றனர். தொல்காப்பியத்தின் பெயரையும் கேட்டறியாத சூலூர்க் குடியானவரோ 'கேட்டு', 'பேங்கு' என உகரஞ்சேர்த்துத் தமிழாக்குகின்றார். பஸ் என்பதும் அவர் வாயிற் 'பஸ்ஸு' ஆகின்றது. பஞ்சாலை அவர்க்கு 'மில்லு'. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலாகாமையின் வடசொற்களை இராமன், உரோமம், இலாபம் என உயிர் முன்வைத்து எழுதுக என்றது நன்னூல். கற்றவர் அதனை மறந்து ராமன், லாபம் என்கின்றனர். ஊரிலுள்ள பாட்டியோ அதே நெறியைக் கடைப்பிடித்து 'இஸ்கூல்' என்கின்றார். இவரை நாம் நகைக்கின்றோம்! போர்ச்சுகீசியர் கொணர்ந்த மேசையும், சாவியும், ஜன்னலும், அலமாரியும் நம் வீட்டுப் பொருள்களாகவும் நம் வீட்டுச் சொற்களாகவும் ஆயின என்றால், அது நாவின் இத்தகைய தொழிலினாலேயே.

அங்ஙனமாயின் யாதும் வரம்பில்லையோ, எவன் எவ்வாறு எழுதினும் தமிழோ என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எம் கடன். வரம்பு உண்டு. அதனை நாட்டுமிடத்தை ஆராய்ந்து நாட்டுக என்பதே எம் வேண்டுகோள். ஒரு மாற்றத்தினால் மொழி ஏதேனும் ஒரு வேறுபாட்டைக் காட்டும் ஆற்றலை இழக்கின்றதா? இழப்பின் அம்மாற்றத்தை இயன்றவரை தடுத்தல் வேண்டும். மரத்தை மறம் என்றும், அரையை அறை என்றும், வாளையை வாழை என்றும் எழுதுவோன் பொருளையே மாற்றிவிடுகின்றான். அங்கே ஆசிரியரின் சிவப்பு மை சிறிதும் இரங்க வேண்டுவதில்லை. இக்காலத்து விரைவில் எழுதும் இளைஞர் லகர ளகர ழகரங்களை ஒன்றோடொன்று குழப்புதல் எமக்குப் பெருங்கவலை தருகின்றது. 'அருகாமை' என்று எழுதி அண்மையைக் கருதுவதும் அத்தகையதே. அருகுதலின் எதிர்மறையன்றோ அஃது? அண்மை என்றும் அருகு என்றும் இரு நல்ல சொற்கள் இருக்க, எதிர்ப்பொருள் தரும் ஒன்றை ஏன் கொள்ளுதல் வேண்டும்? 'முயன்றார்' என்னும் வினை இருக்க 'முயற்சித்தார்' என்பதும் எமக்கு உவப்பில்லை. ஆயின் அதனாற் பொருள் கெடுவதில்லை ஆதலின், அது வெல்லும் என்றே நினைக்கின்றோம்.

'அல்ல' என்பதில் கெடுவது யாது? 'நான்' என்னும் எழுவாய் அருகிலேயே நிற்கின்றது. தன்மை ஒருமை என்பதை அதுவே காட்டிவிட்டது. கோ என்பதன் பின் இல் வருமிடத்து வகரமே உடம்படுமெய் என்பது விதி, ஆகவே கோவில். ஆயினும் கோயில் என்பதும் கல்வெட்டிலும் பாடலிலும் நிலைத்துவிட்டது. இரண்டில் எதனை எழுதினும் உள்ளிருக்கும் தெய்வம் ஒன்றே. கறுப்பா கருப்பா என்பதிலும் எமக்குப் பூசலில்லை. கறுப்பு என்பதே நிறத்தையும் சினத்தையும் குறித்த பழைய வடிவம்; கருமை என்பதனோடு ஒப்பவைத்து மக்கள் கருப்பு என்றனர்; பொருள் மயக்கம் எழவில்லை. ஆகவே கல்லூரித் தமிழாசிரியர்களுக்கு யாம் பணிவுடன் கூறுவது ஒன்றுண்டு: பொருளைக் கெடுக்கும் பிழைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், பழைய விதியை வழக்கு கடந்துவிட்ட இடத்திற் கோடு மட்டும் இட்டு, 'இவ்வாறும் இருந்தது' என ஓரத்தில் எழுதிவிடுங்கள். மாணவன் விதியையும் அறிவான். தன் மொழியையும் அஞ்சான்.

அஞ்சுதல் என்று யாம் கூறுவது வீண்மொழி அன்று. தாராபுரத்தினின்றும், அந்தியூரினின்றும், உடுமலையினின்றும் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் ஆண்டுதோறும் நம்மிடை வருகின்றனர். வந்த மூன்றாம் மாதத்தில் அவர்கள் பேச்சினின்று 'ஒறம்பரை' மறைகின்றது, 'விருந்தாளி' வருகின்றது. ஒறம்பரை என்பது உறவின்முறை என்னும் செஞ்சொல்லின் மரூஉ என்பதை அவர்க்கு யாரேனும் கூறியதுண்டோ? தஞ்சாவூர் தஞ்சையாயினும் கோயம்புத்தூர் கோவையாயினும் அது மரூஉ எனப் பாராட்டப்படும். தாய் பேசியது தேய்ந்தால் மட்டும் கொச்சையாமோ? வேளாண்மை என்பது வள்ளுவர்க்கு விருந்தோம்பிச் செய்யும் உதவி, பின்னர் உழவு, நம் தோட்டங்களில் அது 'வெள்ளாமை'. மருதமலைச் சாலையில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில் வேளாண்மை என்று எழுதினால் பெருமை, வரப்பின்மேல் நின்று வெள்ளாமை என்று கூறினால் சிறுமை என்பது விந்தையே. 'பழமை' என்பதற்குக் கொங்குநாட்டில் உரையாடல் என்று பொருள். 'வாங்க, சித்த நேரம் பழமை பேசலாம்' என்று ஒருவர் அழைப்பின், அவர் பண்டைக்கால ஆராய்ச்சிக்கு அழைப்பதில்லை.

கீரனூர் ஆர். சண்முகசுந்தரம் 1942ஆம் ஆண்டில் 'நாகம்மாள்' என்னும் நாவலை வெளியிட்டபோது, அதன் மாந்தர் பேசியது இக்கொங்குப் பேச்சே. தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று இன்று அதனைச் சுட்டுகின்றனர். பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து அளித்தார். இவை இருவர் செய்த பணிகள். ஒரு கல்லூரியில் ஆயிரக்கணக்கான மாணவர் இருப்ப, ஒவ்வொருவரும் தம் ஊரினின்று பத்துச் சொற்களைக் கொணர இயலாதா?

இதழாசிரியர் இடம் தருவாராயின், அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, அகராதியிற் காணாத சொற்களைக் கேட்டவாறே எழுதி வருக, திருத்தி எழுதற்க. சொல்லுக்கு எதிரே ஊர், வட்டம், கூறியவர் வயது, அச்சொல் வழங்கும் வாக்கியம் ஒன்று ஆகியவற்றைக் குறிக்க. ஏற்றம் இறைத்த காலத்துச் சொற்களும், கைத்தறிக் குழியின் சொற்களும், மாட்டுத்தாவணியில் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசுவோர் சொற்களும் விரைந்து மறைந்துவருதலின், அவற்றை முதலிற் கேட்க. உறவுப் பெயர்களுள் அப்பிச்சி, அம்மிணி முதலியன எவ்வூரில் எம்முறைக்கு வழங்குகின்றன என்பதும் ஊர்க்கு ஊர் வேறுபடும், அதனையும் விடற்க. பட்டியலில் முதற் சொல்லாக ஒறம்பரையை யாமே எழுதித் தந்துவிட்டோம். எஞ்சியவற்றிற்குத் தாள் காத்திருக்கின்றது.